பத்மநாபபுரம் அரண்மனை: ஒன்றரை வயதுப் பிள்ளையோடு போனால்

"மக்களே, அதுக்கு ராஜாவத் தெரியுமா, மந்திரியத் தெரியுமா, அதைத் தூக்கிட்டு எதுக்கு அரண்மனைக்குப் போற?" என்று அம்மா கேட்டார்கள். போய் வந்தபின் சொல்கிறேன், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை.

முதல் காரணம் தரை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அதனால் பிள்ளையும் வெறுங்காலோடுதான் நடக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கருவெல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று சொல்வார்கள், கறுப்பாக, வழவழவென்று, வெயில் நேரத்திலும் சில்லென்று இருக்கிறது. என் மகள் நாலு எட்டு வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள், அப்புறம் குனிந்து கன்னத்தை வைத்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்குகிற குதிரை விளக்கைக் காட்டி "குதிரை, குதிரை" என்று நாலைந்து முறை சொன்னேன். மேலே, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது, அந்தக் கோட்டைக் கையால் பிடிக்கப் பார்த்தாள், பிடிபடாமல் கையை விரித்து விரித்துப் பார்த்தாள். நிழலும் வெளிச்சமும் என்னவென்று இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுப்பது! அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் இருக்கிறது. தொடாமல் பக்கத்தில் நின்று பூ எங்கே, இலை எங்கே என்று கேட்டால் விரல் நீட்டுகிற வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். ஊட்டுப்புரை, ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட நீளமான கூடம், அங்கே கூட்டமில்லாவிட்டால் ஓட விடலாம்.

1601-ல் கட்டத் தொடங்கியது, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம், 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது, இதெல்லாம் நமக்கு. பிள்ளைக்கு வேண்டாம்.

தள்ளுவண்டி கொண்டு போகாதீர்கள். மரப்படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கின்றன, வாசல் நிலைகளும் தாழ்வு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நுழைந்தால் தலை இடிக்கும். நெஞ்சோடு கட்டிக்கொள்கிற பை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய், சுற்றுலாக் கூட்டத்தில் நெருக்கி, பிள்ளை அழுது, பாதியில் திரும்பினோம். இரண்டாம் தடவை புதன்கிழமை காலை 9 மணிக்குத் திறந்ததும் போனோம், அவித்த ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) டப்பாவில் எடுத்துக்கொண்டு. சுற்றி முடித்து வெளியே மரநிழலில் ஊட்டினேன், மடியிலேயே தூங்கிவிட்டாள்.

எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுக்காதீர்கள். தக்கலையிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான், இன்னொரு நாள் வரலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு விடுமுறை.