கஞ்சா வழக்கில் மேல்முறையீடு: தீர்ப்பையே எதிர்ப்பதா, தண்டனையை மட்டும் குறைக்கக் கேட்பதா?

இரண்டுமே 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவைதான், ஆனால் எது உதவும் என்பதைப் பிடிபட்ட கஞ்சாவின் எடைதான் முடிவு செய்யும். 1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை தண்டனை, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. அதனால் முதல் குற்றம், வயது, குடும்ப நிலைமை, ஏற்கெனவே உள்ளே கழித்த நாட்கள் எல்லாவற்றையும் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டும் 1 லட்சம் அபராதமும் கட்டாயம், எவ்வளவு அழுதாலும் அதற்குக் கீழே உயர் நீதிமன்றம் இறங்க முடியாது. அபராதம் கட்டாததற்கான கூடுதல் சிறையை வேண்டுமானால் குறைக்கலாம்.

அப்புறம் இருப்பது தீர்ப்பையே எதிர்க்கும் வழிதான். மகஜரை (சோதனை, பறிமுதல் பற்றி அதிகாரிகள் எழுதிய பதிவு) வரி வரியாகப் படியுங்கள். உடலைச் சோதித்தார்கள் என்றால், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமையை முதலில் சொன்னார்களா? (பையில் மட்டும் சரக்கு இருந்தால் இந்த உரிமையைத் தரும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (NDPS) 50-வது பிரிவு கைகொடுக்காது.) அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே தண்டித்தார்களா? அது செல்லாது என்று தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால், ஒரே மனுவில் விடுதலையை முதலிலும் தண்டனைக் குறைப்பை மாற்றாகவும் கேளுங்கள்.