3,850 ரூபாய் குரோஷே வகுப்பு: யாரும் ஏமாற வேண்டாம்

இன்று காலை வகுப்புக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேவுக்கு ஆறு வார நேரடி வகுப்பு, நூலும் ஊசியும் சேர்த்து 3,850 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். வகுப்பில் சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கைபேசியில் வந்த விளம்பரம்தான். பணம் கட்டும் முன் நான் பின்னிய துண்டைப் படமெடுத்து அனுப்பினேன். 20 கண்ணியில் தொடங்கியது மேலே போகப் போக 15 ஆகி, ஓரம் சாய்ந்து கிடந்தது. ஐந்தே நிமிடத்தில் ஒரு பெண் அழைத்தார். "அக்கா, வரிசை முடிவில் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். முதல் கண்ணியிலும் கடைசியிலும் ஒரு சேஃப்டி பின் மாட்டிப் பின்னிப் பாருங்கள்." பின்னினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓரம் நேராக நின்றது! இரண்டு வருடமாக என்னைப் படுத்திய கோளாறு. அந்த நிமிடமே 3,850 ரூபாயை அனுப்பினேன். அவர் சொன்னது சரிதான், அதுதான் வயிற்றெரிச்சல்.

பார்சலில் வந்தது 'சுத்தப் பருத்தி' என்று சீட்டு ஒட்டிய ஆறு நூல்கண்டு. கை வைத்ததும் சந்தேகம். ஓர் இழையை நறுக்கித் தீக்குச்சி காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். இது உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது.

நேரடி வகுப்பு என்றார்களே, வந்தவை யாரோ வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோக்கள். குறிப்புத்தாள் பிரிட்டிஷ் வழக்கில், வீடியோ அமெரிக்க வழக்கில். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான கண்ணியைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். இதை யாரும் சொல்லவில்லை. தாளில் டபுள் என்றிருந்ததால் வீடியோவில் டபுள் என்று காட்டிய உயரமான கண்ணியையே போட்டேன். 6, 12, 18 கண்ணி என்று சுற்றுக்குச் சுற்று கூட்டினேன். அந்த உயரத்துக்கு முதல் சுற்றிலேயே 12 வேண்டுமாம். தட்டையாக வர வேண்டிய டம்ளர் விரிப்பு கிண்ணமாகக் குழிந்தது.

கேட்டதற்கு முதல் பதில்: "உங்கள் கை இறுக்கம் அக்கா." அடுத்து, "நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறோம்." நூலைத் திருப்பி அனுப்புகிறேன் என்றதும், "பிரித்த பார்சலை எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படித் தெரியுமாம்? பிறகு அழைப்பையே எடுக்கவில்லை. அக்கா என்ற சொல்லும் நின்றுபோயிற்று. 3,850 ரூபாய்!

விரிவாகச் சொல்வதாக எழுதினேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. ஒரு வகுப்பாவது நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். குறிப்பு பிரிட்டிஷா அமெரிக்கனா என்று கேளுங்கள், விழித்தால் விலகுங்கள். பேசியதையெல்லாம் உடனுக்குடன் படமெடுத்து வையுங்கள். குழுவில் அவர்கள் போட்டதை நான் எடுத்து வைக்கவில்லை, இப்போது அங்கே நுழையவே வழியில்லை. பணம் அனுப்பிய ரசீதும் அந்த நூல்கண்டுகளும்தான் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு நாளை காலை நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன்.