கூரை திறந்த காருக்கு எந்த இயர் பிளக்?

கூரையை மடக்கிவிட்டு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி இறங்கியதும் காதில் ஙொய்யென்று ஒரு சத்தம் நீடிக்கும். எதிரில் இருப்பவர் பேசுவது பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். காற்று பட்ட அசதி, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் சரியாகியும்விடுகிறது. அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்செவியில் உள்ள நுண்மயிர் அணுக்கள் தாங்கமுடியாத அளவுக்கு அடிவாங்கியிருக்கின்றன என்பதற்கான அறிகுறி அது. அவை ஒருமுறை செத்துவிட்டால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அப்புறம் அந்த ஙொய் நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

இதற்கென்று சந்தையில் கிடைப்பவற்றை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறோம்: ஃபோம் பிளக், ஃபில்டர் வைத்த சிலிகான் பிளக், காதளவு எடுத்துச் செய்யும் அச்சுப் பிளக், காருக்கு மாட்டும் காற்றுத் தடுப்பு வலையான விண்ட் டிஃப்ளெக்டர். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அன்றாட ஓட்டத்துக்கு ஃபில்டர் வைத்த சிலிகான் பிளக்தான் பொருத்தம். நீண்ட அதிவேகப் பயணத்துக்கு ஃபோம், அதுவும் சரியாகச் செருகத் தெரிந்தால் மட்டும்.

முதலில் இரைச்சலின் அளவு. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நிறுவனமான நையாஷ். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் 1 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். 2011-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில் கூரை மடக்கும் வகையான கன்வெர்டிபிள் கார்கள் ஐந்தை ஓட்டி அளந்தார்கள். கூரை திறந்து மணிக்கு சுமார் 120 கி.மீ. வேகத்தில் போனபோது சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியது. ஊருக்குள் 40, 50 கி.மீ. வேகத்தில் போகிறவர் பயப்பட வேண்டியதில்லை. காற்றின் இரைச்சல் வேகத்தோடு சேர்ந்து நிதானமாக ஏறுவதில்லை, எகிறுகிறது. வேகம் இரட்டிப்பானால் காற்றொலி மட்டும் ஏறத்தாழ 15 முதல் 18 டெசிபல் கூடும்.

உங்கள் காரில் எவ்வளவு என்று அறிய ஃபோன் செயலி போதும், ஆனால் நேரே காற்றில் பிடித்தால் எண் பொய் சொல்லும். மைக்கின் மேல் காற்று மோதும் சத்தத்தையும் அது சேர்த்தே அளக்கும். மைக்கை ஒரு பஞ்சு உறைக்குள் வைத்து, பக்கத்து இருக்கையில் இருப்பவர் தன் காதுக்கு அருகே, தலையின் மறைவில் பிடிக்க வேண்டும். ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சராசரியைப் பாருங்கள், உச்ச எண்ணை அல்ல. ஓட்டுபவர் இந்த வேலையைத் தொடவே கூடாது.

காதில் எதையும் வைப்பதற்கு முன் காரைப் பார்க்க வேண்டும். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஓட்டுவதற்குக் காசு செலவில்லை. இரைச்சல் அங்கேயே கணிசமாகக் குறைகிறது. குறிப்பாகக் கதவுப் பக்கத்துக் காதுக்கு. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே போட்டு ஓட்டும் அழகுக்கு அந்த ஒற்றைக் காதுதான் விலை கொடுக்கிறது.

விண்ட் டிஃப்ளெக்டர் வேறு வேலை செய்கிறது. முன்கண்ணாடியைத் தாண்டிப் போகும் காற்று பின்னால் வெற்றிடம்போல் ஆன இடத்தில் விழுந்து, திரும்பி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே புகுந்து கழுத்திலும் காதுமடலிலும் அறைகிறது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வலை அந்தத் திரும்பும் காற்றைத் தடுக்கிறது. 1989-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் இது இருந்தது. இன்று பெரும்பாலான கன்வெர்டிபிள்களுக்குக் கிடைக்கிறது. வாங்கும்போது மேல் விளிம்பு தலைதாங்கியின் உயரத்தை எட்டுகிறதா, அடியிலும் பக்கங்களிலும் கை நுழையும் இடுக்கு இல்லையா என்று பாருங்கள். இடுக்கு இருந்தால் காற்று அங்கே கூடிப் புகுந்து ஊளையிடும். கொக்கி தளர்ந்தால் சட்டமே கடகடவென்று ஆடி, தடுக்க வந்த பொருளே சத்தம் போடும். அலைக்கழிப்பு நன்றாகக் குறையும். ஆனால் இது மட்டுமே காதைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று, நான்கு இருக்கை கார்களில் இதை மாட்டினால் பின்னிருக்கையில் ஆள் உட்கார முடியாது.

இனி ஃபோம். 3எம் 1100, ஹோவர்ட் லைட் மேக்ஸ் போன்றவை எங்கும் கிடைக்கும் வகை. பிளக் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று உறையில் போட்டிருக்கும் எண் பலரைக் குழப்புகிறது. 3எம் 1100-க்கு அமெரிக்க அளவான என்.ஆர்.ஆர். 29, ஐரோப்பிய அளவான எஸ்.என்.ஆர். 37. இரண்டும் ஒரே பிளக், அளக்கும் முறைதான் வேறு. ஓர் உறையின் என்.ஆர்.ஆரை இன்னொன்றின் எஸ்.என்.ஆரோடு ஒப்பிட்டு வாங்கக் கூடாது. அந்த எண்கூட ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர் செருகிப் பார்த்தது. நடைமுறைக்கு, அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா சொல்லும் கணக்கு உண்டு: என்.ஆர்.ஆரிலிருந்து 7-ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 29 என்று போட்டிருந்தால் கையில் கிடைப்பது 11. காரில் 91 டெசிபல் என்றால் காதுக்கு 80. அது போதுமானது.

ஆனால் அந்த 11 கிடைப்பதும் செருகும் விதத்தில்தான் இருக்கிறது. காற்றிரைச்சலின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளில், அந்தக் கும்மென்ற அதிர்வில் இருக்கிறது. பிளக்குக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருந்தாலும் முதலில் நுழைவது தாழ்ந்த ஒலிதான். பாதி மட்டும் செருகினால் பேச்சு, ஹாரன் எல்லாம் மங்கிவிடும், காற்றின் குமுறல் மட்டும் அப்படியே உள்ளே வரும். "பிளக் போட்டும் பயனில்லை" என்ற புகார் பெரும்பாலும் இதனால் வருவது.

செருகுவது இப்படி. கையைக் கழுவிவிட்டு, பிளக்கை விரல்களுக்கு நடுவே அழுத்திக்கொண்டே உருட்டி, சுருக்கம் விழாத மெல்லிய திரிபோல் ஆக்குங்கள். மடிப்பு விழுந்தால் விரியும்போது அந்த மடிப்பே ஒலி போகும் பாதையாகிவிடும். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலின் மேல் பகுதியைப் பிடித்து மேலும் பின்னும் இழுங்கள். வளைந்த காதுத் துளை நேராகும். திரியை உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். அது விரியும் சரசரப்பு உள்ளே கேட்கும். சரியாகப் போயிருந்தால், நேர் எதிரே நிற்பவருக்குப் பிளக் தெரியாது. இரண்டு காதையும் போட்ட பிறகு உள்ளங்கைகளால் காதை இறுகப் பொத்தி எடுங்கள். பொத்தும்போது வெளிச்சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் கசிகிறது என்று அர்த்தம். எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். வண்டியைக் கிளப்பும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஓடும் காரில் ஒற்றைக் கையால் திணிப்பது வீண்.

காதுத் துளை சிறியவர்களுக்கு வழக்கமான ஃபோம் வலிக்கும், வலித்தால் ஆழமாகப் போகாது. அவர்கள் ஹோவர்ட் லைட் மேக்ஸ்லைட் போன்ற மென்மையான வகையைப் பார்க்கலாம். எடுக்கும்போது திருகி மெதுவாக இழுக்க வேண்டும், வெடுக்கென்று பிடுங்கினால் செவிப்பறையில் சுரீரென்று இழுக்கும். ஃபோமைக் கழுவிப் போடுவது வேண்டாம். அழுக்கேறியதும் விரியாமல் கிடந்ததும் குப்பைக்குத்தான். குறும்பி அதிகம் சேரும் காது என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிளக் அதை இன்னும் உள்ளே தள்ளிக் கெட்டித்துவிடும்.

ஃபோமின் பெரிய குறை, அது மேல்ஸ்தாயி ஒலிகளைக் கூடுதலாக விழுங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது, சைரன், டயரின் சீறல் எல்லாம் மந்தமாகும். ஃபில்டர் பிளக்கின் அருமை இங்கேதான். எட்டிமோட்டிக் இஆர்20எக்ஸ்எஸ் எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும்படி செய்தது. உலகத்தின் வால்யூமைச் சற்றுத் திருகி வைத்ததுபோல் இருக்கும், பேச்சு பேச்சாகவே கேட்கும். அதன் என்.ஆர்.ஆர். 13 மட்டுமே. ஓஷா கணக்குப்படி 3 டெசிபல்தான் தேறுகிறது. 91 டெசிபல் 88 ஆகி, இரண்டு மணி நேரம் நான்காகிறது. மூன்றடுக்குச் சிலிகான் விளிம்புகள் காதில் சரியாகப் பொருந்தினால் இதைவிட நன்றாகவே காக்கும். ஆனாலும் 95-ஐத் தொடும் பழைய காருக்கு இதை நம்பி நாள் முழுக்க ஓட்டக் கூடாது.

இந்த வகையில் காம்பின் நீளத்தைக் கவனியுங்கள். காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பில் காற்று பட்டு உய்யென்று விசிலடிக்கும், பறக்கும் முடியும் அதில் சிக்கி இழுக்கும். காம்பு குட்டையாக, காதுமடலின் குழிக்குள் அடங்குவதாக இருப்பதே கூரையில்லாத காருக்கு உதவும். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென்று விற்கும் அல்பைன் மோட்டோசேஃப் இந்த விதத்தில் நல்லது, ஹெல்மெட்டுக்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. இளஞ்சூட்டு நீரும் மிதமான சோப்பும் போட்டுக் கழுவலாம். ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அந்தச் சின்னத் துளையில் நீரோ குறும்பியோ அடைத்தால் ஒலியளவே மாறிவிடும். விளிம்பு கிழிந்தாலோ விறைத்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

காதளவு எடுத்துச் செய்யும் அச்சுப் பிளக்கை வாரம் பலமுறை நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு மட்டும் பரிந்துரைப்போம். கேட்புத் திறனைச் சோதிக்கும் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் காதுக்குள் பஞ்சுத் தடுப்பு வைத்து, சிலிகானை ஊற்றி அச்சு எடுப்பார். அச்சு காதுத் துளையின் இரண்டாவது வளைவைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். குறைந்துபோனால் பிளக்கும் கசியும், சொந்தக் குரலும் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். 9, 15, 25 டெசிபல் என்று ஃபில்டரை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. திறந்த காருக்கு 15 சரி.

இரைச்சலை ரத்து செய்யும் ப்ளூடூத் இயர்பட்ஸை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அவற்றின் வெளி மைக்கில் காற்று மோதும்போது இரைச்சலை ரத்து செய்யும் மின்சுற்றே தடுமாறும். பிறகு பாட்டின் சத்தத்தை ஏற்றுவோம், இரைச்சலோடு பாட்டும் சேர்ந்து காதை அடிக்கும்.

பிளக் போட்டால் ஹாரன் கேட்காதே என்ற பயம் நியாயமானது. கேட்புத் திறன் நன்றாக உள்ளவர்களுக்கு மிதமான ஃபில்டர் காற்றையும் ஹாரனையும் ஒரே அளவு குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருப்பதால் ஹாரன் பிரிந்து கேட்கும். ஏற்கனவே கேட்புக் குறைவு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்காமல் வாங்கக் கூடாது. சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் இரு காதையும் மூடி ஓட்டத் தடை உண்டு. சைரனும் ஹாரனும் கேட்கும்படி செய்த பாதுகாப்புப் பிளக்குக்கு விலக்கு உண்டு. உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஓட்டத் தொடங்கும் காலத்திலேயே கேட்புச் சோதனையின் வரைபடமான ஆடியோகிராம் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். இரைச்சலால் வரும் சேதம் பொதுவாக 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளமாக முதலில் தெரியும், அப்போது பேச்சு கேட்பதில் குறையே இருக்காது. இறங்கிய பிறகு காதிரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் ஈ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை நாள் தள்ளத் தள்ளப் பலன் குறைந்துகொண்டே போகும்.