முழங்கால் மாற்ற அவசரப்படுத்தினால் கொஞ்சம் நில்லுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அம்மா அப்பாவின் முழங்கால் மூட்டு மாற்றும் ஒப்பரேசனுக்கு வெளிநாட்டில் இருந்து காசு வரும் என்று காத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த வருடம் தை மாதம் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் ஊரில் இலவச முழங்கால் முகாம் வைத்தது. அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருடமாக நோவுதான், ஆனால் சமைப்பார், திருவலையில் இருந்து தேங்காய் திருவுவார், போன வருட வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போய் கூட்டத்துக்குள் நடந்து திரிந்தவர். முகாமில் படுக்க வைத்து எக்ஸ்றே எடுத்தார்கள். டொக்டர் பார்த்தது 5 நிமிடம்கூட இருக்காது. இரண்டு காலும் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, வலக்காலில் ஒரு ஊசியும் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் ஆட்களைப் பதிகிற தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, இந்த மாசத்துக்குள்ள பதிஞ்சால் 11 இலட்சம், பிறகு கூடும். விட்டியளெண்டால் அம்மா படுக்கைதான்" என்றான். அந்தப் படுக்கை என்ற சொல்தான். கனடாவில் இருக்கிற அண்ணா அன்றிரவே காசு போட்டுவிட்டார்.

ஒப்பரேசன் முடிந்த பிறகு அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான் எல்லாம் விளங்கியது. தேய்ந்த முழங்கால் ஒரு மாதத்தில் ஆளைப் படுக்கையில் போடாது, இது அவசர ஒப்பரேசனே இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி, நிறை குறைப்பு, நோவுக்குப் பூசும் மருந்து, நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் ஊன்றுகோல், இவற்றைச் சில மாதமாவது செய்து பார்த்தும் இரவில் நித்திரை இல்லை, வீட்டுக்குள்ளேயே நடக்க ஏலாது என்று வந்தால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிப்பார்களாம். 78 கிலோ இருந்த அம்மாவிடம் ஒருவரும் நிறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த ஊசி ஸ்டீரொய்ட். அது போட்டு 3 மாதத்துக்குள் அதே மூட்டை மாற்றினால் கிருமி தொற்றும் ஆபத்துக் கூட. அம்மாவுக்கு ஊசி போட்டு ஐந்தாவது கிழமையே அந்த மூட்டை மாற்றிவிட்டார்கள். தொற்றாமல் விட்டது கண்ணகி அம்மன் புண்ணியம்.

ஒப்பரேசன் பிழை என்று சொல்லமாட்டேன். அடுத்த நாளே வோக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். நாலாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப, 300 கிலோமீற்றருக்கு மேல் வானில் கொண்டுவந்து சேர்த்தோம். பில் 13 இலட்சத்து 80 ஆயிரம். இரத்தம் உறையாமல் போடுகிற ஊசி, வோக்கர், பிசியோ எதுவும் அந்த 11க்குள் இல்லையாம். பிசியோவுக்கு யாரிடம் போவது என்று கேட்டதற்கு "வீட்டில நடக்கச் சொல்லுங்கோ, காணும்" என்றார்கள்.

அம்மாவுக்கு நோகிறதே என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து விட்டோம். அவருக்கும் சுகமாக இருந்தது, இரவு முழுக்க அப்படியே படுப்பார். அப்படி வைக்கவே கூடாதாம், கால் நிமிராமல் இறுகிவிடும். குதிக்காலுக்குக் கீழேதான் துவாயைச் சுருட்டி வைக்க வேண்டும். இந்த ஒரு வரியைச் சொல்ல 13 இலட்சம் வாங்கியவர்களுக்கு நேரம் இல்லை.

பயிற்சி இல்லாமல் கால் மடங்கவும் இல்லை என்று அந்தத் தம்பிக்கு எத்தனை தரம் எடுத்திருப்பேன், ஃபோன் தூக்கவே இல்லை. மூன்றரை மாதம் கழித்து அரச ஆஸ்பத்திரிப் பிசியோ அக்கா அளந்து பார்த்தார், 65 பாகை. கதிரையில் இருந்து ஒழுங்காக எழும்ப 90க்கு மேல் வேண்டும். மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால் மயக்கி வைத்து மடக்கிவிட நல்ல வாய்ப்பு இருந்ததாம். அவரிடம் போக எங்களுக்கு ஒரு சதம் செலவில்லை. இதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஆகவே காசு கட்ட முதல் நிற்க வைத்து எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள், அதைக் கொண்டுபோய் அரச கிளினிக்கில் இன்னொரு டொக்டரிடம் காட்டுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு பிசியோ யார் செய்வது, பில்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். உள்ளே வைத்த மூட்டின் இலக்கம் உள்ள ஸ்ரிக்கரின் பிரதியையும் கேளுங்கள், நாங்கள் இன்னும் அதற்கு அலைகிறோம்.

இப்போது அம்மா 80 பாகை வரை மடக்குகிறார். தேங்காய் நான்தான் திருவுகிறேன். இடக்காலை நிற்க வைத்து எக்ஸ்றே எடுத்துப் பார்த்தோம், அதில் எலும்புக்கு நடுவே இடைவெளி நன்றாகவே இருக்கிறதாம், மாற்றுகிற கதையே வேண்டாம் என்றார்கள். போன மாதம் அந்தத் தம்பியே எடுத்தான். மற்றக் காலுக்கு 10 வீதம் கழிவு தருகிறார்களாம்.