சபையில் வாங்கிய தேனீப் பெட்டி, ஒரு வருடம் கழித்து

போன செப்டம்பரில் எங்கள் சபையில் படைப்பின் ஞாயிறு. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், மரத்தடியில் ஒரு மிஷன் பயிற்சி மையத்தார் தேனீப் பெட்டி விற்கிறார்கள். உள்ளே தேனீக் கூட்டத்தோடு சேர்த்து 2,200 ரூபாய். பிரசங்கத்தின் சூடு ஆறுவதற்குள் ஒன்று வாங்கிவிட்டேன்.

நியூட்டன் பெட்டி. வெளிநாட்டுத் தேனீக்கான பெட்டி நம் அடுக்குத் தேனீக்குப் பெரிது என்பதால், நூறு வருடத்துக்கு முன்பு நியூட்டன் என்ற இயேசு சபைப் பாதிரியார் அளவைக் குறைத்துச் செய்தது. கீழறையில் தேனீ அடை கட்ட ஏழு மரச்சட்டம், மேலே தேனறை. நான்கு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்தால் எறும்பு ஏறாது. வடிவத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

குறை மரத்தில். காயாத பலகை போலிருக்கிறது. ஐப்பசி மழையில் மூடி வளைந்து, இடுக்கு வழியே மெழுகுப் பூச்சி புகுந்து இரண்டு அடை நாசம். கையேடு என்று தந்த ஒற்றைத் தாளில் வசனம் இருந்தது, பூச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை.

காப்பாற்றியது பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கும் அண்ணன். கதம்பல் (தேங்காய் மட்டை நார்) புகை போட்டுச் சட்டத்தைத் தூக்கி, ராணியைக் காட்டித் தந்தார். "ரப்பர் தளிர்ல தேன் வடியுறது மூணு மாசந்தான் சார். ஆடியில சீனி கலக்கி வைக்கலேன்னா கூட்டம் பறந்துரும்." இலைக்காம்பின் முனையில் துளியாகக் கசியும் அந்தத் தேனை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவன் நான்!

1990களின் தொடக்கத்தில், தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் வந்தபோது அந்த அண்ணனுக்கு நாற்பது பெட்டியும் போயிற்று. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. இன்றும் ஊரார் தோட்டத்தில்தான் வைக்கிறார், தோட்டக்காரருக்கு ஆளுக்கு ஒரு குப்பி தேன். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்ததும் கிராமத்து ஏழைகளின் வருமானத்துக்காகத்தான். இப்போதோ முற்றமும் பென்ஷனும் உள்ள என்னைப்போன்றவர்களுக்கு ரொக்கத்துக்கு விற்கிறார்கள். தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்குத் தவணையில் கொடுத்து, ஆறு மாதம் கூட இருந்து பழக்கினால் அதை மிஷன் என்று ஒப்புக்கொள்வேன். அந்த அண்ணனையே சம்பளத்துக்கு வைக்கலாமே.

சரி, தேன்? பங்குனிக்குள் மூன்று கிலோ கிடைத்தது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். மைத்துனி குப்பியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சீனிப்பாகு என்று முடிவே கட்டிவிட்டாள்.

பெட்டிக்கு நான்கு நட்சத்திரம், விற்ற விதத்துக்கு இரண்டு. மூடி மாற்றித் தருவதாக மையத்தில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இப்போதைக்கு ஒரு ஓட்டைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருக்கிறேன்.