கொழுந்து பறித்த கைகளும் கையடக்க ஈசிஜி கருவியும்

இதயத்துடிப்பின் மின்சாரத்தைக் கோடாக வரையும் கையடக்க ஈசிஜி கருவியின் விலை குறைந்திருக்கிறது, அப்பாவுக்கு ஒன்று வாங்கலாமா என்று இலங்கை மலையகத்து ஹட்டன் நண்பர் கேட்டிருந்தார். அம்மாவுக்காக இந்தக் கருவியோடு நெடுநாளாக மல்லுக்கட்டி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இரண்டு தகடுகளிலும் விரல்களை வைத்து அரை நிமிடம் அசையாமல் இருந்தால் போதும் என்கிறது கையேடு. படத்தில் இருப்பவை வழுவழுப்பான விரல்கள். அம்மா ஆயுளின் பெரும்பகுதி கொழுந்து பறித்தவர். பெருவிரலும் சுட்டுவிரலும் காய்த்து வெடித்து, வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுத்து நிற்கிறது. இதயத்திலிருந்து கைக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். காய்ந்து தடித்த தோல் அதையும் மறித்துவிடும். தை மாதக் குளிரில் வியர்வையும் இல்லை, உடம்பு நடுங்குகிறது. நடுங்கும் தசையும் மின்சாரத்தை எழுப்புவதால் கோடு முழுவதும் ரம்பப் பல். முடிவில் ‘வாசிக்க முடியவில்லை’ என்று வருகிறது. அதைக் கண்டதும் தன் நெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று அம்மா பயந்துபோகிறார். உழைத்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர்கள் மீது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு, அதுவும் வந்து வந்து போகும் வகை. துடிப்புகளின் இடைவெளி ஏறுமாறாக இருக்கிறதா, உயர்ந்த முனைக்கு முன்னால், மேலறைகள் ஒழுங்காகத் துடித்தால் வரும் பி அலை என்ற சின்ன மேடு தெரிகிறதா என்றுதான் வைத்தியர் பார்ப்பார். நடுக்கம் முதலில் விழுங்குவது அந்தச் சின்ன மேட்டைத்தான்.

எங்களுக்குக் கைகொடுத்தது வெந்நீர். தைலம் தடவியிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கைகளைச் சுடுநீரில் வைத்துக் குளிர் விட்டதும் ஒற்றியெடுத்து, லேசான ஈரத்தோடு பிடிக்கச் சொல்வேன். காய்ப்பு குறைந்த நடுவிரலையும் மோதிரவிரலையும் தகட்டில் தட்டையாக வைக்க வேண்டும். இறுக்கினால் தசை குறுக்கே வரும். முழங்கைகள் மேசையில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம். கைத்தொலைபேசி சார்ஜரில் இருந்தால் கழற்றிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கோட்டைத் தடித்த பட்டையாக்கிவிடும்.

படபடப்பு எப்போதும் கிளினிக் வாசலை எட்டுவதற்குள் அடங்கிவிடும். ஒருமுறை நள்ளிரவில் வந்தபோது, அடுப்பிலிருந்த வெந்நீரால் கை கழுவி எடுத்த கோடு அவ்வளவு சுத்தமாக விழுந்தது. வைத்தியர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு உடனே மருந்தை மாற்றினார். அந்தக் கோட்டுக்காக இந்தக் கருவிக்கு நான் கடமைப்பட்டவன்.

நெஞ்சு வலித்தால் மட்டும் இதை எடுக்காதீர்கள். மாரடைப்பை இது காட்டாது. நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இருந்தும் நண்பரே, என் பதில் சோதித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதுதான். உங்கள் அப்பா காலமெல்லாம் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். அவர் விரல்களுக்குக் கோடு சுத்தமாக விழுந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.