பெயரிடாத அருவ ஓவியம், லினன் துணி மீது எண்ணெய் வண்ணம், 120 × 150 செ.மீ.: ஒரு மதிப்பீடு

ஓவியக்கூடத்தின் விற்பனைப் பட்டியலில் இந்த ஓவியத்தைப் பார்த்தால், சாம்பல் நீலப் பரப்பும் வலது கீழ்மூலையில் ஒரு காவிக் கீற்றும்தான் தெரியும். அந்தப் படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்த ஓவியத்தின் அழகெல்லாம் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய வரிசையில் இருக்கிறது. அதை எந்தக் கேமராவும் பிடிக்காது.

மூன்று நான்கு மீட்டர் தள்ளி நின்றால் சாம்பலாகத் தெரியும் பகுதியை அரை மீட்டருக்குள் போய்ப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறமே கிடையாது. முதலில் செம்மண் நிறத்தை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து மெல்லியதாகப் பூசிக் காயவிட்டிருக்கிறார் ஓவியர். அதன்மேல் வெள்ளை கலந்த நீலத்தைப் பேலட் கத்தியால் (வண்ணம் குழைக்கவும் பூசவும் உதவும் மழுங்கிய தகடு) இழுத்து, ஈரம் இருக்கும்போதே பல இடங்களில் வழித்தெடுத்திருக்கிறார். கத்தி துணியின் மேட்டைத்தான் வழிக்கும், பள்ளத்தை எட்டாது. அதனால் இழை மேடுகளில் செம்மண்ணும் பள்ளங்களில் நீலமும் தங்கிவிட்டன. தள்ளி நிற்கும்போது இரண்டும் நம் கண்ணுக்குள் கலந்து சாம்பலாகின்றன. தட்டில் குழைத்த சாம்பலுக்கு இந்த உயிர் வராது. லினனின் இழை சற்றே ஒழுங்கற்றது என்பதால் இந்த நுட்பம் அதில் நன்றாக எடுபடுகிறது. சீரான பருத்திக் கேன்வாஸில் இதையே செய்திருந்தால் அச்சடித்த கட்டம் போல இருந்திருக்கும்.

காவிக் கீற்று கடைசியாக வந்தது. அதன் ஓரங்களில் நீலம் ஒட்டவில்லை, ஆகவே கீழ்ப்பூச்சு காய்ந்த பிறகே இழுத்திருக்கிறார். ஆனால் இடது முனையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் காவிக்குள் நீல வரிகள் ஓடுகின்றன. அந்த இடத்தில் நீலத்தைப் புதிதாகப் போட்டு, ஈரத்தின் மேலேயே காவியை இழுத்திருக்கிறார். கூர்மையாகத் தொடங்கும் கீற்று பரப்புக்குள் கரைந்து போவது இதனால்தான். ஓவியத்தின் மிகச் சிறந்த இடம் இது. இதற்காகவே நேரில் போய்ப் பார்க்கலாம்.

மேல் இடது பகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரே அகலக் கத்தி வீச்சுகள் ஒரே சாய்வில் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே கை ஓடியிருக்கிறது, கண் கூடப் போகவில்லை. போதாததற்கு, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு பளபளப்பு இழந்து மங்கியிருக்கிறது. கீழ்ப்பூச்சோ ஜெஸ்ஸோவோ (வண்ணத்துக்கு முன் துணியில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) மேல்வண்ணத்தின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் இப்படி ஆகும். இது சேதமில்லை. வண்ணம் நன்றாகக் காய்ந்த பின் அந்த இடத்தில் மிக மெல்லியதாக எண்ணெய் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றியெடுத்தால் நிறத்தின் ஆழம் திரும்பிவிடும். அதை ஓவியரே செய்வது நல்லது.

ஓவியக்கூடத்தின் விளக்கு நேர் எதிரிலிருந்து அடிப்பதால் கீற்றின் மேடு பள்ளமெல்லாம் தட்டையாகிவிடுகிறது. அதை அணைக்கச் சொல்லிவிட்டு, ஒரு சிறு டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கத்தி எங்கே நின்றது, எங்கே திரும்பியது என்று எல்லாம் எழுந்து வரும். விரிசல், உரிதல், துணித் தொய்வு ஆகியவையும் இந்த வெளிச்சத்தில்தான் மாட்டும். இந்த ஓவியத்தில் விரிசல் இல்லை. கீழே எண்ணெய் குறைவான பூச்சு, மேலே எண்ணெய் கூடிய பூச்சு என்ற விதியை ஓவியர் காத்திருக்கிறார். இதை மாற்றிச் செய்தால் மேற்பூச்சு முதலில் இறுகிவிடும். அடியிலுள்ளது மெதுவாகக் காய்ந்து அசையும்போது மேலே வெடிக்கும்.

பயன்படுத்திய நிறமிகளின் பட்டியலை ஓவியக்கூடம் எழுதிக் கொடுக்கிறது. பாராட்ட வேண்டிய வழக்கம். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரின் நீலம், மஞ்சள் காவி, சுட்ட சியன்னா (செம்பழுப்பு மண் நிறம்) என்ற நான்கும் வெளிச்சத்தில் எளிதில் வெளிறாதவை. நிறமி விஷயத்தில் அலட்சியம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்க அருவ ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த பெரிய ஓவியங்களே சாட்சி. அவர் கலந்த லித்தால் சிவப்பு என்ற நிறமி ஜன்னல் வெயிலில் வெளிறிப்போய், 1979-இல் அவற்றைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. பட்டியலில் துத்தநாக வெள்ளை இல்லாததும் நிம்மதி. எண்ணெயோடு சேர்ந்து அது நாளாக நாளாக நொறுங்கும் தன்மை அடைகிறது, பூச்சுகள் ஏடு ஏடாகப் பிரிகின்றன.

பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தை விரித்துத் துணியை இறுக்க மூலைக்கு இரண்டாக எட்டு ஆப்புகள், நடுவில் குறுக்குச் சட்டம், மடிப்புகள் சுத்தம். வலது கீழ்மூலையில் துணி சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஆப்பை மெல்லத் தட்டினால் சரியாகிவிடும், ஓங்கித் தட்டினால் வண்ணம் வெடிக்கும். பின்னால் மூடும் அட்டை இல்லை. அதைக் கேட்டு வாங்கிப் போட்டால் தூசியும் ஈரமும் தட்டாது.

வார்னிஷ் இன்னும் பூசவில்லை என்கிறார்கள், அது சரியான முடிவு. எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே 6 முதல் 12 மாதம் பொறுக்க வேண்டும். இந்தக் கீற்று சில இடங்களில் 5 மி.மீ. வரை மேடு கட்டியிருப்பதால் உள்ளே இறுக ஆண்டுக்கணக்காகும். பிறகு பூசும்போதும் கழற்றக்கூடிய, மிதமான பளபளப்புள்ள வார்னிஷையே கேளுங்கள். கண்ணாடி போல மின்னும் வகை, வழித்த பகுதியின் மங்கலையும் கீற்றின் மினுக்கத்தையும் ஒன்றாக்கிக் கெடுத்துவிடும்.

எதிரில் மூன்று மீட்டர் இடம் இல்லாத வீட்டில் இதை மாட்ட வேண்டாம், சாம்பல் பிறக்காமலே போய்விடும். ஓவியத்தின் நடு தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நேர் வெயில் கூடாது, 200 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும். இருட்டறையில் பூட்டி வைத்தாலும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளடிக்கும்.

மேல் இடது மூலையின் குறையோடு சேர்த்தே வாங்கத் தகுந்த படைப்பு என்பது எங்கள் தீர்ப்பு. பணம் கொடுக்கும் முன் மங்கிய திட்டைச் சரிசெய்து தரும் பொறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எடுத்துச் செல்லும்போது குமிழி உறை வண்ணத்தின்மேல் படவே கூடாது, முழுதும் இறுகாத கீற்றில் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். முகப்பை எதுவும் தொடாதபடி சட்டத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் மரப்பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.